எல்லாரையும் கேட்டாச்சு என்று நான் சொன்ன பொய்

காயல்பட்டினத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கத்துக்கு ஆண் போட்டோக்காரர்களை விடமாட்டார்கள். அந்த ஊரில் எனக்கு வருஷம் தவறாமல் வேலை கிடைப்பதற்கு முதல் காரணம் அதுதான். என் திறமைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மை அப்படி இல்லை. பாளையங்கோட்டை ஸ்டேஷனில் காலை ரயிலில் ஏறி, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று வாழைத் தோட்டங்களுக்கு நடுவே நின்று நின்று போய் இறங்கினால், கேமராப் பையைப் பார்த்ததுமே யாராவது ஒரு பெண் "எந்த வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்பார்.

படம் எடுக்கிற வேலை என்னுடையது. எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கழித்து, நிறம் திருத்தி, ஆல்பமாக்குகிற வேலை மைனியுடையது. என் அண்ணன் மனைவி. என்னைவிட இரண்டு வயது இளையவள், ஆனாலும் முறைக்கு மைனி. அவளைக் கேட்காமல் எங்கள் தொழிலில் ஒரு வயர்கூட வாங்க முடியாது.

காயல்பட்டினத்து வீடுகளோடு எங்களுக்கு ஒரு பேச்சு உண்டு. எழுதிக் கையெழுத்துப் போட்டதல்ல, வாய்வார்த்தைதான். பெண்களின் படம் எந்த ஆணின் கண்ணிலும் படக்கூடாது. ஆல்பத்தை வெளியே அச்சுக்குக் கொடுக்கக் கூடாது என்பதால் மைனி அதற்கென்றே ஒரு பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறாள். அந்தப் படங்கள் திரையில் இருக்கும் நாட்களில் அண்ணன்கூட கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றுதான் பேசுவான். வேலை முடிந்ததும் எங்களிடம் இருப்பதை அழித்துவிட வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவருகிறோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மைனி ஒரு சேவையைக் கண்டுபிடித்தாள். கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட வேண்டும். மண்டப வாசலில் ஒரு கியூஆர் கோடு அட்டை வைக்க வேண்டும். வருகிறவர்கள் அதைப் போனில் காட்டி, தங்கள் முகத்தை ஒரு செல்ஃபி எடுத்தால் போதும். அவர்கள் இருக்கிற படங்கள் மட்டும் தனியாகப் பிரிந்து அவர்கள் போனுக்கு வந்துவிடும். அதற்கு முன்பெல்லாம் ஒரு கல்யாணம் முடிந்தால் இரண்டு மாதம் என் போன் ஓயாது. "நான் பச்சைப் பட்டு கட்டியிருந்தேன், பந்திக்குப் பக்கத்துல நின்னேன், அந்தப் படத்த மட்டும் அனுப்புங்களேன்." இந்தச் சேவை வந்ததும் அந்தப் போன்கள் நின்றன. முதல் தடவை போட்டுப் பார்த்தபோது நாங்கள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். தூணுக்குப் பின்னால் பாதி முகம் தெரிந்த பெரியப்பாவை அது கண்டுபிடித்தது. மூன்று சேலை மாற்றிய பெண்ணை மூன்றிலும் கண்டுபிடித்தது. அழுத குழந்தையையும் சிரித்த அதே குழந்தையையும் ஒன்றாகச் சேர்த்தது.

திருநெல்வேலியில் நாங்கள் எடுத்த கல்யாணங்கள் எல்லாவற்றுக்கும் அதையே போட்டோம். போன வருஷம் காயல்பட்டினத்திலும் ஒரு வீட்டில் போட்டோம். பெண்ணின் தோழிகள் கேட்டார்கள், போட்டோம். அவ்வளவுதான் அன்றைக்கு யோசித்தது.

இந்த வருஷம் அந்த ஊரில் இன்னொரு கல்யாணம் வந்தது. பெண்ணின் உம்மா, பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். பேச்சு முடிக்கப் போன அன்றைக்கு மகள்தான் அந்த அட்டையைப் பற்றிக் கேட்டாள். நான் ஆர்வமாக விளக்கினேன். டீச்சர் தம்மடைப் பலகாரத்தை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"படத்தப் பிரிக்கிறது யாரு?" என்றார்.

"யாரும் இல்ல டீச்சர், கம்ப்யூட்டரே பிரிச்சிரும்."

"எந்தக் கம்ப்யூட்டர்? உங்க வீட்ல இருக்கே, அதுவா?"

"இல்ல, அது கிளவுட்ல இருக்கு."

"அது எங்கன இருக்கு?"

 கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அதை நடத்துகிறது என்று மட்டும் சொன்னேன். கம்ப்யூட்டரும் கோயம்புத்தூரில்தான் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

"அந்தக் கம்பெனிக்கும் உங்களுக்கும் எழுத்து ஏதும் இருக்குமே?"

"இருக்கும் டீச்சர். ஆரம்பத்துல சம்மதம்னு ஒரு டிக் போட்டோம்."

"வாசிச்சீங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை அந்த முகத்தில். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகம். "அடுத்த தடவ வரும்போது அதக் கொண்டுவாங்க எம்மா. நானும் பாக்கணும். வேணாம்னு சொல்லலே. அது என்னதான் செய்யுதுன்னு தெரியாம எப்படி வேணும்னு சொல்றது?"

ரயிலில் திரும்பும்போது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. குரும்பூர் தாண்டுவதற்குள் அது போய், கேள்வி மட்டும் மிஞ்சியது. எங்கன இருக்கு?

மறுநாள் மைனி அந்தச் சேவையின் விதிமுறைகளை எடுத்தாள். முப்பத்தொரு பக்கம். பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கக் கொடுத்தேன். கடைக்கார அண்ணாச்சி கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சொத்துத் தகராறா? கையெழுத்தே இல்லையே" என்றார். "கையெழுத்து ஏற்கெனவே போட்டாச்சு அண்ணாச்சி, இப்பதான் வாசிக்கப் போறேன்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் பி.காம். படித்தவள். ஆங்கிலம் வாசித்தால் புரியும். ஆனால் அந்த ஆங்கிலம் வேறு மாதிரி இருந்தது. ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடும். முடிவதற்குள் யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்பது மறந்துவிடும். பென்சிலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் "நாங்கள்" என்பதற்கு ஒரு வட்டம், "நீங்கள்" என்பதற்கு ஒரு கட்டம் போட்டேன். அது உதவியது. நான்கு நாள் ஆனது. சமையல் தீய்ந்தது ஒரு நாள்.

முதலில் தெரிந்தது, அந்தக் கோயம்புத்தூர் கம்பெனி முகத்தைப் பிரிப்பதே இல்லை என்பது. பிரிப்பது வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்றின் மெஷின் லேர்னிங் சேவை. கோயம்புத்தூர்க்காரர்கள் படங்களை அங்கே அனுப்பி, பதிலை வாங்கி எங்களிடம் தருகிறார்கள். அந்தப் பெரிய கம்பெனிக்குத் தனியாக விதிமுறைகள். அதையும் அச்செடுக்கப் போனேன். அண்ணாச்சி இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

முகத்தை அது முகமாக வைத்துக்கொள்வதில்லை. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே என்று தொடங்கி, நமக்குப் பேர் தெரியாத என்னென்னவோ அளவுகளை எடுத்து, ஒரு நீள எண் வரிசையாக்கி வைத்துக்கொள்கிறது. படத்தை அழித்தாலும் அந்த எண் வரிசை தானாக அழியாது. அதைத் தனியாக அழிக்கச் சொல்ல வேண்டும். நாங்கள் இத்தனை நாளும் படங்களைத்தான் அழித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது, அனுப்புகிற படங்களை வைத்துப் பெரிய கம்பெனி தன் இயந்திரத்துக்கு மேலும் கற்றுக்கொடுத்துக்கொள்ளலாம் என்று நாம் அனுமதி கொடுத்திருக்கிறோம். வேண்டாம் என்றால் நிறுத்த ஒரு வழி இருக்கிறது. ஆனால் நிறுத்தும் உரிமை கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும். அங்கே கணக்கு கோயம்புத்தூர்க்காரர்கள் பேரில். நானோ, மைனியோ, படத்தில் இருக்கிற பெண்ணோ அதைத் தொட முடியாது.

கோயம்புத்தூர்க்காரர்களின் விதிமுறைகளில் பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்த வாக்கியம்தான் என்னை உட்கார வைத்தது. படங்களில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் அவர்கள் முகத்தை இப்படிப் பயன்படுத்தத் தேவையான சம்மதத்தை நீங்கள் பெற்றுவிட்டீர்கள் என்று நீங்கள் உறுதி கூறுகிறீர்கள். "நீங்கள்" என்பதற்குக் கட்டம் போட்டுவிட்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நீங்கள் நான்தான். திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் காயல்பட்டினத்திலும் மண்டபம் மண்டபமாக வந்துபோன அத்தனை பேரையும் கேட்டாச்சு என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒருவரைக்கூட கேட்டதில்லை. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை நிமிர்ந்து பார்க்கச் சொன்னதுதான் அதிகபட்சம்.

மைனியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அந்தப் பக்கத்தை வாங்கித் தானும் ஒரு தடவை வாசித்தாள். பிறகு, "ஏட்டி, அது எப்படித்தான் கண்டுபிடிக்குதுன்னு ஒருக்க ஒன்ன வச்சே பாப்போமா?" என்றாள். பயமும் ஆசையும் கலந்த குரல் அது. என்னை ஜன்னல் பக்கம் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாள். எங்கள் கணக்கில் அப்போது இருந்த எல்லாக் கல்யாணங்களிலும் என் முகத்தைத் தேடச் சொன்னாள்.

நான் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவள். என் கல்யாணப் படங்களைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி படமே கிடையாது. ஒன்றும் வராது என்று நினைத்தேன். வரிசையாக வந்து விழுந்தன. பெண் அலங்காரம் செய்துகொள்ளும் கண்ணாடியில், ஒரு கண் மட்டும் மூடி நான். மண்டபத்துக் கண்ணாடிக் கதவில் நான். இன்னொரு படக்காரர் எங்களுக்கு அனுப்பிய படங்களில், கூட்டத்துக்குள் குனிந்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும் நான். ஒன்றில் பந்தி முடிந்த மேஜையில் தனியாக உட்கார்ந்து ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை யார் எடுத்தார்கள் என்றே தெரியவில்லை. நான் இவ்வளவு மெலிந்துவிட்டேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"அழகா இருக்க" என்றாள் மைனி.

"என்கிட்ட யாரும் கேக்கலையே" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். வாடிக்கையாளர் உதவிக்கு என்று இருந்த எண்ணில் ஒருவர் எடுத்தார். மரியாதையான குரல். நான் பத்தொன்பதாம் பக்கம் என்றதும், "பத்தொன்பதாம் பக்கமுங்களா?" என்று நிறுத்தினார். "மேடம், நான் இந்த வேலைக்கு வந்ததுல இருந்து இதை வாசிச்சுட்டுக் கூப்பிட்ட ஆளு நீங்கதானுங்க."

"உங்க கணக்குல அந்தக் கற்றுக்கொடுக்கிற அனுமதி திறந்திருக்கா, மூடியிருக்கா? அது மட்டும் தெரியணும்."

"பாத்துச் சொல்றேனுங்க" என்றார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "திறந்துதான் இருந்திருக்குதுங்க. ஆரம்பத்துலயே அப்படித்தான் வருமாம், நாமதான் மூடணுமாம். எங்க ஆளுங்களும் பாக்கலைங்க. இன்னைக்கு மூடிட்டோம்."

"இதுவரைக்கும் போனது?"

"படத்தையும் எண்ணையும் அழிச்சிடலாமுங்க. ஆனா அந்த மெஷின் அதுல இருந்து எதாவது படிச்சிருந்தா..." என்று தேடினார். "படிச்ச புள்ளைகிட்ட இருந்து புஸ்தகத்தத் திரும்ப வாங்கிடலாமுங்க. படிச்சத எப்படிங்க வாங்குறது?"

அவர் பொய் சொல்லாமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்றும் கேட்டேன்: கோளாறு சரிபார்க்க ஊழியர்கள் படங்களைத் திறந்து பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறதே, போன வருஷத்துக் காயல்பட்டினம் படங்களை யாராவது திறந்தார்களா? பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அங்கே யாரும் திறக்கவில்லை என்றார். அதைக் காகிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். பெரிய கம்பெனி பக்கம் என்ன நடந்தது என்பதை அவராலும் பார்க்க முடியாது என்று பிறகு சொன்னார். அதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டேன்.

டீச்சர் வீட்டுக்கு இரண்டு கட்டுக் காகிதத்தோடு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி பக்கம் பக்கமாக வாசித்தார். என் வட்டங்களையும் கட்டங்களையும் பார்த்து, "நல்ல யோசனை" என்றார். மத்தியானம் முழுக்க நாங்கள் இருவரும் அந்தக் காகிதங்களோடுதான் இருந்தோம். எனக்குத் தப்பிப்போன ஒன்றை அவர் பிடித்தார்.

"இங்க பாருங்க. உங்க படத்துக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க, அதுக்குப் பாதுகாப்பெல்லாம் சொல்லியிருக்காங்க. அந்தப் படத்துல இருந்து எடுத்த எண்ணுக்கு வேற பேரு. பாதுகாப்பு சொல்ற இடத்துல எல்லாம் முதல் பேருதான் வருது. ரெண்டாவது பேரு வரவே இல்ல." பென்சிலால் தட்டினார். "வகுப்புல புள்ளைங்க பாதிக் கணக்குல எக்ஸுக்குப் பதிலா ஒய்னு போட்டுட்டு தப்பிக்கப் பாக்கும். அது மாதிரி."

போன வருஷத்து வீட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவர் என்னைத் திட்டவில்லை. "எங்க பக்கத்துல அமானிதம்னு சொல்லுவோம் எம்மா. ஒருத்தர் நம்பிக்கையா ஒப்படைச்ச பொருளு. அது நம்ம கையில இருக்கு, ஆனா நம்மளுது இல்ல. அத இன்னொருத்தர் கையில கொடுக்கணும்னா உடையவங்களக் கேக்கணும். நீங்க அந்த வீட்ல போய்ச் சொல்லிருங்க" என்றார். அதன் பிறகு, "என் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் மட்டும் சரின்னா பத்தாது. வர்றவங்க முகம் அவங்க முகமில்லையா? வாசல்ல வச்சு அவங்களையே கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கும் பாக்கணும்" என்றார்.

அப்படித்தான் நான் அந்த ஒரு பக்கக் காகிதத்தை எழுதினேன். முப்பத்தொரு பக்கத்தையும் ஒரு பக்கத்தில் தமிழில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. உங்கள் முகம் எண்ணாகும். அது வெளிநாட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகும். இன்ன தேதியில் அழிக்கச் சொல்லுவோம். அழிந்ததை நாங்கள் கண்ணால் பார்க்க முடியாது, அவர்கள் சொல்வதை நம்ப வேண்டும். விருப்பம் இல்லை என்றால் உங்கள் படங்களை அங்கே அனுப்பமாட்டோம், கையால் பிரித்து டீச்சர் வீட்டில் கொடுப்போம். மைனி கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "கையால பிரிக்கது யாரு, நீயா நானா?" என்றாள்.

கல்யாணத்தன்று பெண்கள் பக்கத்து வாசலில், பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில், நான் காகிதத்தோடு நின்றேன். இத்தனை வருஷத்தில் வருகிறவர்களின் முகத்தை லென்ஸ் இல்லாமல் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். நிறையப் பேர் வாசிக்காமலே சரி என்றார்கள். "நீங்களே எடுக்கீங்க, பெறகென்ன?" என்றார்கள். சிலர் டீச்சர் சொன்னால் சரி என்றார்கள். சாச்சி என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு பெரியவர் முழுவதையும் சத்தம் போட்டு வாசித்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கி, கடைசியில் "எனக்கு வேணாம்மா, என் மூஞ்சிய எண்ணாக்கி அவன் என்ன பண்ணப் போறான்?" என்று சிரித்தார். இரண்டு கல்லூரிப் பெண்கள் தங்கள் எண் வரிசையைத் தங்களுக்கே காட்ட முடியுமா என்று கேட்டார்கள். எனக்கும் அதைப் பார்க்க ஆசை என்றேன். தீக்காயத் தழும்பு இருந்த ஒரு பெண், "என்ன அதுக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது என்றேன். சரி என்று டிக் போட்டார். "தெரியுதான்னு பாப்போம்" என்றார். சம்மதத்துக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கூட்டம் குறைந்த பிறகு ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். காகிதத்தை நின்று வாசித்தார். பிறகு என்னைச் சுவர் ஓரமாகக் கூப்பிட்டு, மெல்லக் கேட்டார்: "செல்ஃபி எடுத்தாத்தான் படம் வருமா? வேற யாராவது என் பழைய போட்டோவப் போட்டாலும் வருமா?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவே ஒரு நிமிஷம் ஆனது. லிங்க் கையில் இருக்கிற யாரும், எந்த முகத்தைக் காட்டினாலும், இயந்திரம் தேடித் தரும். முகத்துக்கு உடையவர்தான் காட்டுகிறாரா என்று அது கேட்பதில்லை. முப்பத்தொரு பக்கத்திலும் அது இல்லை. "வரும்" என்றேன்.

"அப்ப நான் உள்ள வரல" என்றார். "நான் எங்க இருக்கேன்னு தேடுறவங்க இருக்காங்க. பொண்ணுக்கு என் ஸலாமச் சொல்லிடுங்க, நான் இப்படியே போயிடுறேன். என்னை எடுக்காதீங்க." அவரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னேன்.

நான் டீச்சரைத் தேடிப் போய், யார் என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.  "அப்ப இது ஒவ்வொருத்தரும் தனித்தனியா சரி சொல்ற விஷயமே இல்லையே" என்றார். "ஒருத்தர் படத்துல பின்னால இன்னொருத்தர் நிப்பாங்க இல்ல?" அவ்வளவுதான் பேச்சு. நான் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அதைச் சொன்னதும் அந்தப் பெண் உள்ளே வந்தார். கல்யாணப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். அவர் எழுந்து போகும்வரை அந்தத் திசையில் நான் கேமராவைத் திருப்பவில்லை; அந்தப் பக்கத்து அலங்காரம் நன்றாக இருந்தும் விட்டுவிட்டேன்.

அந்தக் கல்யாணத்துப் படங்களை மைனியும் நானும் கையால் பிரித்தோம். பதினோரு நாள். டீச்சரின் மகள் வீடியோ காலில் வந்து, யார் யார் என்று சொன்னாள். "அது மாமியோட தங்கச்சி, இது எதிர்வீட்டு லாத்தா." முடிந்தபோது எனக்கு அந்தத் தெருவே தெரிந்திருந்தது. இயந்திரம் பிரித்த கல்யாணங்களில் எனக்கு ஒருவரையும் தெரியாது. முதுகுவலி வந்ததையும் சொல்லிவிட வேண்டும். இயந்திரம் தூணுக்குப் பின்னால் கண்டுபிடிக்கிறவர்களை நாங்கள் தவறவிட்டோம் என்பதையும். இரண்டு பேர் தங்கள் படம் வரவில்லை என்று குறைப்பட்டார்கள்.

போன வருஷத்து வீட்டுக்கும் போனேன். அந்த வீட்டுப் பெண்ணின் உம்மா என்னை உட்கார வைத்துக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல முகம் மாறியது. "தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார். "இல்ல." "அழிச்சாச்சா?" அழித்துவிட்டதாகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த மின்னஞ்சலைக் காட்டினேன், அதில் அழிக்க முடியாதது என்ன என்பதையும் சொன்னேன். தேநீர் கொடுத்தார். வாசல் வரை வந்தார். அவருடைய இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. நான் அதை ஊரில் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். வருத்தமாக இருந்தது, அவர் இடத்தில் நான் இருந்தாலும் கூப்பிட்டிருக்கமாட்டேன் என்றும் தோன்றியது.

திருநெல்வேலி வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். பெரும்பாலானவர்கள், "அதனால என்னம்மா, நாங்கதான் எல்லாத்தையும் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டோமே" என்றார்கள். டவுனில் ஒரு அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது: "படம் எடுக்க வந்தவ பத்திரம் வாசிக்கா. யாம்மா இப்பப் போய்க் கெளப்புத?" பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் மட்டும் அரை மணி நேரம் கேள்வி கேட்டு, எழுதிக்கொண்டு, அழித்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார். அனுப்பினேன். தன் பெயர்த்தியின் பூப்புனித நீராட்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டார். அட்டை வேண்டாம் என்றார்.

சேவையை நாங்கள் முழுவதும் விட்டுவிடவில்லை. கேட்கிற வீடுகளுக்கு அந்த ஒரு பக்கக் காகிதத்தை முதலில் கொடுக்கிறோம். லிங்க் உள்ளவர்கள் எல்லாரும் யாரையும் தேட முடியும் என்ற வரியையும் சேர்த்துவிட்டேன். அந்த வரியை வாசித்ததும் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். மீதிப் பேர் ஏன் வேண்டும் என்கிறார்கள் என்பதை இப்போது நான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஒரு அம்மாவுக்குக் குவைத்தில் இருக்கிற மகன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கணவர் இறந்த பிறகு வந்த முதல் கல்யாணத்தில் தான் சிரித்தேனா என்று பார்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். சிரித்திருந்தார், இரண்டு படங்களில்.

போன மாதம் கோயம்புத்தூர்க்காரர் மறுபடி கூப்பிட்டார். அந்தத் தமிழ்க் காகிதத்தை மைனி எப்போதோ அவருக்கு அனுப்பியிருக்கிறாள். "எங்க கம்பெனியில எல்லாரும் வாசிச்சோமுங்க. இத எங்க சேவையிலயே போட்டுக்கலாமான்னு கேக்கறாங்க."

"எங்க போடுவீங்க? எவ்வளவு நாளைக்கு? மாத்துவீங்களா?" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "எழுதியே அனுப்பறேனுங்க."

நான்கு வரியில் தமிழில் எழுதி அனுப்பினார். நான் வட்டமும் கட்டமும் போட்டு வாசித்தேன். "தேவைப்பட்டால் மாற்றலாம்" என்று ஓரிடத்தில் இருந்தது. அதற்கு முன்னால் "கேட்டுவிட்டு" என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது.